கணினி வரும்வரை காத்திருக்கலாமா?



"நமக்கென ஓர் இணையத்தளம் உருவாக்குவோமா?" என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் வருகிறது. "வீட்டில் கணினி இல்லை, ஐயா. தீபாவளிக்கு விலை குறைந்ததும் அப்பா வாங்கித் தருவார்" என்கிறீர்கள். விலை குறையும்வரை பொறுத்திருப்பது சிக்கனமே. ஆனால், கற்பதையும் அதுவரை தள்ளிப்போடுவது சரியன்று என்பது என் கருத்து.

கணினி உலகில் காத்திருப்புக்கு எல்லையில்லை. ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965இல் கார்டன் மூர் கணித்தார். 1975இல் அதனை இரண்டு ஆண்டுகள் எனத் திருத்தினார். ஆகவே, நாம் எப்போது வாங்கினாலும் அதைவிடச் சிறந்த கணினி பின்னர் வரத்தான் செய்யும்.

விலையும் எப்போதும் இறங்குமுகமாக இருப்பதில்லை. 2020ஆம் ஆண்டு, தீபாவளித் தள்ளுபடியை எண்ணி நான் ஆறு திங்கள் காத்திருந்தேன். அதுவரை இணையவழி வகுப்புகளைக் கைப்பேசியின் சிறு திரையிலேயே நடத்தினேன். பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் மடிக்கணினியின் தேவை பெருகியிருந்தது. தீபாவளியும் வந்தது, நான் எதிர்பார்த்த விலை வரவில்லை. பணம் மிஞ்சவில்லை, காலம் மட்டும் கழிந்தது.

அப்படியாயின் எப்போது வாங்குவது? எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவான பிறகு வாங்க வேண்டும். அத்தெளிவு செய்து பார்த்தால்தான் கிடைக்கும். பள்ளிக் கணினிக்கூடத்திலுள்ள பழைய கணினியே தொடக்கத்திற்குப் போதும். 'கூகுள் சைட்ஸ்' போன்ற கருவிகள் உலாவியிலேயே இயங்குகின்றன, கட்டணமும் இல்லை. வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்து, தலைப்பை எழுதி, படத்தை உரிய இடத்தில் வைத்தால் ஒரு பக்கம் உருவாகிவிடும். நிரல்மொழி அறிந்திருக்க வேண்டியதில்லை. இவ்வாறு சில வாரங்கள் பழகியபின், எழுத்துப் பணிக்கு எளிய கணினி போதுமா, காணொளி தொகுக்க மிகுதியான நினைவகம் வேண்டுமா என்பதை நீங்களே பெற்றோரிடம் எடுத்துரைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய கணினி மலிவாகக் கிடைக்கிறது என்று விரைந்து வாங்கிவிடாதீர்கள். விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. புதிய பதிப்பு அக்கணினியில் இயங்குமா என்று கேட்டறிந்த பின்னரே விலை பேசுங்கள்.

தளத்தில் எதை எழுதுவது? ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். வெதுருகுப்பம் என்னும் பெயரைப் பாருங்கள். தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். பழந்தமிழிலும் மூங்கிலுக்கு 'வெதிர்' என்ற பெயர் உண்டு. 'குப்பம்' சிற்றூரைக் குறிக்கும். நீங்கள் வீட்டில் ஒன்றும் தெருவில் ஒன்றுமாகப் பேசும் இரு மொழிகளின் உறவு ஓர் ஊர்ப்பெயரிலேயே தெரிகிறதல்லவா? உங்கள் பாட்டி பிறந்த ஊர் எது? குடும்பம் இங்கு வந்தது ஏன்? பாட்டி இன்றும் வழங்கும் எந்தச் சொல் உங்கள் நாவில் இல்லை? இவற்றை இன்றே கேட்டு எழுதுங்கள். கணினி அடுத்த ஆண்டும் கடையில் கிடைக்கும். பாட்டியின் நினைவு நமக்காகக் காத்திராது.

1995இல் சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றினார். தமிழுக்கேற்ற கருவிகள் பிறர் கையால் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்தவர் செய்த பணி அது. நீங்களும் வெளியே வாழ்பவர்களே.

முகவரி, கைப்பேசி எண், ஒளிப்படம் ஆகியவற்றைத் தளத்தில் இடாதீர்கள். பெற்றோரும் ஆசிரியரும் பார்த்து இசைந்த பின்னரே வெளியிடுங்கள். முதற்பக்கம் இந்த வாரமே உருவாகட்டும். கணினி உரிய காலத்தில் வரட்டும்.

சொற்பொருள்
திங்கள் – மாதம்
வார்ப்புரு – முன்பே அமைத்த பக்க வடிவம்
இசைதல் – உடன்படுதல்

சிந்தித்து எழுதுக
1. கணினி வாங்கும் காலம் பற்றி ஆசிரியர் கூறும் கருத்து யாது? நீவிர் அதனை ஏற்கிறீரா? காரணம் தருக.
2. வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, நீவிர் அறியாத ஐந்து தமிழ்ச் சொற்களைப் பொருளுடன் எழுதுக.