சீட்டை விட்டாலும் ஃபீஸை விடாதீங்க!

பி.எஸ்சி சேர்ந்த பிறகு இன்ஜினீயரிங் சீட் கிடைச்சிடுச்சா? 'கட்டின ஃபீஸ் வராது' என்று காலேஜில் சொன்னால் நம்பிடாதீங்க.

யுஜிசி-யின் 2018 அறிவிப்புப்படி, அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம் போக முழுப் பணமும் கிடைக்கும். அதற்குப் பிறகு, கடைசித் தேதி வரை 90%. தேதி தாண்டி 15 நாள் வரை 80%, 30 நாள் வரை 50%. அப்புறம் பூஜ்யம்! 2024-ல் செப்டம்பர் 30 வரை முழுப் பணமும் தரச் சொன்னது யுஜிசி. அதனால், உங்க வருஷத்து அறிவிப்பையும் பாருங்க.

'நாளைக்கு வா' என்று அலையவிடும் ஒவ்வொரு நாளும் சதவிகிதம் இறங்கலாம். நகையை அடகு வைத்துக் கட்டிய வீட்டுக்கு அது பெரிய அடி. வாய்வார்த்தை வேண்டாம், தேதி போட்டு எழுதிக் கொடுங்க, நகல் வெச்சுக்கோங்க. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைப் பிடித்துவைக்கவும் காலேஜுக்கு உரிமை இல்லை. மறுத்தால், யுஜிசி-யின் இ-சமாதான் தளத்தில் புகார் தட்டுங்க!