அறுபதில் விட்டாலும் ஆதாயம்தான்

"அறுபது வயதுக்குமேல் சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகிறது? தொண்ணூறு வரை புகைத்தும் திடமாக இருந்தவர்கள் இல்லையா?" என்ற வாதம் பிழைத்தவர்களை மட்டுமே எண்ணுகிறது, ஐம்பதிலும் அறுபதிலும் போய்ச்சேர்ந்தவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. இரு தரப்பையும் எண்ண வேண்டுமானால் ஒரு கூட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951இல் பிரிட்டனில் அதைத் தொடங்கினார்கள். அவர்கள் பதிவுசெய்த 34,439 ஆண் மருத்துவர்களின் ஐம்பதாண்டுக் கணக்கு 2004இல் வெளியானது. விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தார்கள். அறுபதில் விட்டவர்களுக்குக்கூடச் சுமார் மூன்றாண்டு மீண்டது. ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, நாற்பதில் ஒன்பது.

புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரலாமே என்று புள்ளியியல் மேதை ஃபிஷர் ஆய்வின் தொடக்க ஆண்டுகளிலேயே கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் சிகரெட்டை விட்டால் மரபணு மாறுவதில்லை; நுரையீரல் புற்றுநோய் அபாயமோ, தொடர்ந்து புகைப்பவர்களைவிடக் குறைகிறது. நோய் வந்ததால் விட்டவர்களும் அந்தக் கணக்கில் உண்டே என்றால், அது விட்டவர்களின் இறப்பைக் கூட்டித்தான் காட்டும். உண்மைப் பலன் இன்னும் பெரிதாகவே இருக்கக்கூடும். சராசரி எந்தத் தனிமனிதருக்கும் உத்தரவாதம் அல்லதான். ஆனால் தப்பிய ஒரு தாத்தாவைக் காட்டி ஊருக்கே ஆலோசனை சொல்வது அப்பட்டமான சூதாட்டம்.