வாக்கும் வாக்குறுதியும்

தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல் இரு பொருள் தரும். தலைவன் மேடையில் நின்று உரைப்பதும் வாக்கே. குடிமகன் தேர்தல் நாளில் பெட்டியில் இடுவதும் வாக்கே. முன்னதை நம்பியே பின்னது அளிக்கப்படுகின்றது. மக்கள் தம் வாக்கை ஒருமுறை அளித்துவிட்டால் அடுத்த தேர்தல் வரும்வரை அதனைத் திரும்பப் பெற வழியில்லை. தலைவனோ தன் வாக்கை மறுநாளே திரும்பப் பெற்றுக்கொள்கின்றான். ஒரு தரப்பு கட்டுண்டும் மறு தரப்பு கட்டவிழ்ந்தும் நிற்கும் இவ்வொப்பந்தத்தை மக்களாட்சி என்று அழைத்தல் பொருந்துமா? மலேசியத் தமிழர் எழுப்பியாக வேண்டிய வினா இதுவாகும்.

“வாய்மை துறவிக்கு உரியது, அரசியலுக்கு ஒவ்வாது” என்று வாதிடுவோர் உளர். வாய்மை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் துறவறவியலில் வைத்தார் என்பது உண்மையே. ஆயினும், சொன்னதைச் செய்து முடிக்கும் மனவுறுதியைப் பேசும் வினைத்திட்பத்தை அவர் எங்கு வைத்தார்? பொருட்பாலில், அமைச்சியலில் அன்றோ வைத்தார்! சொல்லும் செயலும் ஒத்திருத்தல் அமைச்சருக்குரிய தொழில் இலக்கணம் என்பது தமிழ் மரபு கண்ட முடிவு.

இவ்விலக்கணத்தை உரைகல்லாகக் கொண்டு அண்மைக்கால வரலாற்றை உரசிப் பார்த்தல் வேண்டும்.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், பொதுத்தேர்தலுக்கு மூன்று வாரங்கூட இல்லாத நிலையில், தேசிய முன்னணிக்கும் ஹிண்ட்ராஃப் இயக்கத்திற்கும் இடையே பிரதமர் நஜிப் முன்னிலையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டோர், நாடற்றோர், கல்வி, தொழில் வாய்ப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. மே 5இல் தேர்தல் முடிந்தது. இயக்கத்தின் தலைவர் பொ. வேதமூர்த்தி துணையமைச்சர் ஆனார். 2014 பிப்ரவரியில் பதவி விலகினார். ஒப்புக்கொண்டவை நிறைவேற்றப்படவில்லை என்பதே அவர் கூறிய காரணம். எழுத்தில் வடித்துக் கையொப்பமிட்ட வாக்கும் ஓராண்டு தாங்கவில்லை என்றால், காற்றில் விட்ட வாக்குகளின் நிலை என்ன என்று சொல்லவும் வேண்டுமோ?

அடுத்து வந்தது 2018. மே 9ஆம் நாள் நடந்த 14ஆம் பொதுத்தேர்தலில், விடுதலை நாள் தொட்டு நாடாண்ட அணி வீழ்ந்தது. பக்காத்தான் ஹராப்பான் ஆட்சி அமைத்தது. முதல் 100 நாளில் பத்து வாக்குறுதிகள் நிறைவேறும் என்று அது தன் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தது. இந்தியர்களின் அடையாள ஆவணச் சிக்கலும் 100 நாளில் தீரும் என்றது. சில செய்யப்பட்டன, அதனை மறைத்தல் அறமன்று. பொருள் சேவை வரி ஜூன் 1 முதல் சுழியமாக்கப்பட்டது. ஆனால் மாதம் 4,000 வெள்ளி ஊதியம் பெறும்வரை உயர்கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை என்ற வாக்குறுதி என்னவாயிற்று? 1,000 வெள்ளிக்கு மேல் ஊதியம் பெறுவோரிடமே 2 முதல் 15 விழுக்காடு வரை பிடித்தம் செய்யப்போவதாக அதே ஆண்டு நவம்பரில் அறிவிப்பு வந்தது. இளைஞர் கொதித்தெழுந்த பின்னரே அது நிறுத்தப்பட்டது.

நாடற்றோர் செய்தி இதனினும் துயரமானது. எதிரணியாய் இருந்தபோது மூன்று இலட்சம் இந்தியர் குடியுரிமையின்றித் தவிக்கின்றனர் என்று முழங்கினர். ஆட்சிக்கு வந்தபின், சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் 60 வயதைக் கடந்த முதியோர்க்குக் குடியுரிமை வழங்க முன்வந்தனர். அவ்வாறு கணக்கிடப்பட்டோர் 3,407 பேர். அது நற்செயலே. ஆயினும் பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைகள், திருமணப் பதிவின்றிப் பிறந்தோர் எனப் பலவகைப்பட்ட சிக்கல்களை 100 நாளில் தீர்ப்பதாகச் சொன்னவர்கள், அவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்த்தனரா? எண்ணாமல் நாள் குறித்தது எங்ஙனம்? பள்ளி வாயிலில் ஆவணமின்றி நிற்கும் பிள்ளைக்கு அந்த நூறு நாளும் நூறு ஆண்டே.

வாக்குத் தவறியோர் கூறிய சாக்குகள் மூன்று.

முதலாவது, வெற்றியை எதிர்பார்க்கவில்லை. ஆதலால் அறிக்கை பெருத்துவிட்டது என்பது. பிரதமர் மகாதீரே அவ்வாறு பேசினார். தோற்போம் என்று எண்ணிச் சொன்ன சொல்லுக்கு வென்றபின் பொறுப்பில்லை என்றால், திரும்பத் தர வேண்டியிராது என்று எண்ணிக் கடன் வாங்கியவனுக்கும் பொறுப்பில்லை என்றாகும்.

இரண்டாவது, கருவூலம் வெறுமையாய்க் கிடந்தது என்பது. நாட்டின் கடன் ஓர் இலட்சம் கோடி வெள்ளியைத் தாண்டியது என்று 2018 மே மாதத்தில் அறிவித்தனர். ஆனால் 1எம்டிபி ஊழலால் நாடு சூறையாடப்பட்டது என்று தேர்தலுக்கு முன் ஊர்தோறும் பேசியவர்கள் எவர்? இவர்களே. வீடு கொள்ளை போயிற்று என்று தெருவில் கூவியவன், உள்ளே நுழைந்து பெட்டி காலியாக இருக்கக் கண்டு வியந்தேன் என்றால் எவர் நம்புவர்?

மூன்றாவது, தேர்தல் அறிக்கை வழிகாட்டியே அன்றி வேதநூல் அன்று என்பது. வேதமாகக் கொள்ளுமாறு எவரும் கேட்கவில்லை. கடைக்காரன் எழுதித் தரும் விலைச்சீட்டும் வேதமன்று. அதனால் சொன்ன விலையை மாற்றலாமோ?

“ஆட்சி 22 மாதங்களிலேயே கவிழ்க்கப்பட்டதே” என்று இரங்குவாரும் உளர். 100 நாளில் முடிப்பதாகச் சொன்னதற்கு 22 மாதம் போதாதா என்பதே அவர்க்கு விடை. எனினும் அக்கவிழ்ப்பு வேறொரு வாக்குத் தவறல். ஒரு சின்னத்தில் நின்று வென்றோர் 2020 பிப்ரவரியில் வேறு அணிக்கு மாறினர். ஜொகூரிலும் அதே மாத இறுதியில் ஆட்சி மாறியது. புதிய மந்திரி புசார் பதவியேற்றார். 2018இல் வாக்களித்த ஜொகூர் மக்களை எவரும் கேட்கவில்லை. இக்கொடுமைக்குப் பின்னரே கட்சித்தாவல் தடைச்சட்டம் 2022 அக்டோபர் 5 முதல் நடப்புக்கு வந்தது.

அதற்குள் விளைந்த தீங்கு பெரிது. 2018இல் நாடு முழுதும் 82 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2022 மார்ச் 12ஆம் நாள் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. நோய்த்தொற்றும், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் பணிபுரிவோர் வர இயலாமையும் காரணங்களே. ஆயினும் மனம் கசந்து வீட்டிலிருந்தோரும் பலர் என்பதை மறுத்தல் இயலாது. 18 வயது நிரம்பிய இளைஞர் முதன்முதலாக வாக்குரிமை பெற்ற தேர்தல் அது! அவர்கள் முதலில் கற்ற அரசியல் பாடம் ‘எவரையும் நம்பாதே’ என்பதானால், அப்பாடத்தைக் கற்பித்தோர் யாவர்? அதே ஆண்டு நவம்பரில், 2013இல் வாக்களித்த அணியும் 2018இல் வாக்களித்த அணியும் ஒன்றாய்க் கூடி மைய அரசை அமைத்தன. இனி ஒருவர் மேல் ஒருவர் பழி சுமத்தவும் இடமில்லை.

வாக்குறுதியே கூடாது என்பதன்று இங்குக் கூறுவது. 1967இல் தமிழகத்தில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதை இலட்சியமாகவும், ஒரு படி என்பதை உறுதியாகவும் பிரித்துச் சொன்னது. ஆட்சிக்கு வந்தபின் அந்த ஒரு படியும் சென்னை, கோவை நகரங்களோடு நின்றது; பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. ஆகவே அதனை முன்மாதிரியாகக் கொள்வதற்கில்லை. ஆனால் விருப்பம் வேறு, உறுதி வேறு எனப் பிரிக்கும் முறை மட்டும் கொள்ளத்தக்கது. எல்லாவற்றையும் உறுதி என்று அச்சிடுபவன் எதனையும் உறுதியாய்ச் செய்யான்.

தவறு தலைவரோடு முடிவதில்லை. ஜொகூரில் 70 அளவில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் தோன்றியவை. நிலமும் கட்டடமும் அரசின் முழுப் பொறுப்பில் இல்லாத பள்ளிகளுக்குத் தேர்தல் காலமே அறுவடைக் காலமாயிற்று. பெரிய அட்டையில் எழுதிய காசோலையை வேட்பாளர் நீட்டுகின்றார், பள்ளி வாரியம் மாலை சூட்டுகின்றது, மாணவர் கைதட்டுகின்றனர். பணம் எந்நாளில் வரும், எந்த ஒதுக்கீட்டிலிருந்து வரும் என்று கேட்பார் இல்லை. உரிமையாகப் பெற வேண்டியதை ஈகையாகப் பெற்று நன்றி கூறும் சமுதாயத்தை ஏய்ப்பதற்குப் பேரறிவு வேண்டியதில்லை.

இதனை மாற்றும் ஆற்றல் வகுப்பறைக்கு உண்டு. கட்சி அரசியல் ஆசிரியரின் பணியன்று. ஆனால் படித்தறிந்து வினவக் கற்பித்தல் அவர் பணியே. ஒவ்வொரு கட்சியின் தேர்தல் அறிக்கையும் பள்ளி நூலகத்தில் பாதுகாக்கப்படல் வேண்டும். ‘வாய்மையே வெல்லும்’ என்று கட்டுரை எழுதும் மாணவன், அதனோடு மூன்று வினாக்களையும் எழுதிப் பழகல் வேண்டும்: செலவை ஏற்பவர் யார்? முடியும் நாள் எது? அதற்குத் தேவையான சட்டம் எது? இம்மூன்றுக்கும் விடையில்லாத வாக்குறுதி வாக்குறுதியன்று, வெறும் ஓசை. செய்ய இயலாமற் போயின், ஏன் இயலவில்லை என்று மக்கள் மன்றத்தில் வந்து உரைப்பதும் தலைவர்க்குக் கடன். அக்கணக்கை ஆண்டுதோறும் கேட்பது மக்களுக்குக் கடன்.

கட்சி தாவுவோரைச் சட்டம் தடுக்கலாம். சொன்ன சொல்லைத் தாவுவோரைத் தடுக்க மக்களின் நினைவாற்றல் ஒன்றே உண்டு. மறதி மிக்க வாக்காளர் இருக்கும்வரை வாய்மையுள்ள தலைவர் தோன்றார்.