"வீட்டில் நடந்தது" என்று பள்ளிகள் கைகழுவலாமா?



ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆண்டுவிழாப் படத்தை யாரோ வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்குகிறார்கள். இரவுக்குள் அது வகுப்பு முழுக்கச் சுற்றிவிடுகிறது. மறுநாள் அவள் பதில் சொல்ல எழுந்தால் கடைசி பெஞ்சில் சிரிப்பு. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அடுத்து, அவளை மட்டும் சேர்க்காமல் புதிய குரூப் ஒன்று. தினமும் காலையில் "வயிறு வலிக்குது" என்று பிள்ளை அழுகிறாள். இப்படி ஒரு புகாரோடு போகும் பெற்றோருக்குப் பல பள்ளிகள் சொல்லும் பதில்: "அது வீட்டில், உங்கள் போனில் நடந்தது. பள்ளிக்குச் சம்பந்தமில்லை."

இந்தப் பதிலை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.

2020-ல் கொரோனா வந்தபோது வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியவை பள்ளிகள்தாம். வீட்டுப்பாடமும் தேர்வு அட்டவணையும் இன்றும் பல பள்ளிகளில் அதன் வழியாகவே வருகின்றன. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 11, 12 தான் ஆகிறது. போனைக் கையில் எடுக்க வைத்துவிட்டு, அதனால் வரும் வினைக்கு மட்டும் பெற்றோரைக் கைகாட்டுவது என்ன நியாயம்?

போலீஸிடம் போகலாமே என்பார்கள். அந்தரங்கப் படத்தைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டமும், 2012-ல் வந்த போக்சோ சட்டமும் இருக்கின்றன. ஆனால் பட்டப்பெயர் சூட்டுவதும், கூட்டமாகச் சேர்ந்து ஒரு பிள்ளையை ஒதுக்குவதும் வழக்காக நிற்காது. 12 வயதுப் பிள்ளைகளைக் காவல் நிலையத்துக்கு இழுப்பதும் தீர்வல்ல. அவர்களைத் திருத்தும் இடம் பள்ளிதான்.

அலட்சியத்தின் விலை பெரிது. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 2006-ல், மைஸ்பேஸ் தளத்தில் போலிக் கணக்கு வழியே வதைக்கப்பட்ட 13 வயது மேகன் மயர் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். 2008-ல்தான் மிசோரி தன் சட்டத்தைத் திருத்தியது. பின்லாந்து வேறு வழியில் போனது. டுர்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. சீண்டுபவரையும் சீண்டப்படுபவரையும் கவனிப்பதோடு, சுற்றி நின்று சிரிக்கும் மற்ற மாணவர்களின் போக்கை மாற்றுவதில் அது அக்கறை காட்டுகிறது. ஸ்டிக்கரை ஃபார்வர்டு செய்ய நாற்பது பேர் இல்லையென்றால் கேலிக்கு ஏது பலம்?

நம் மாநிலத்திலும் எச்சரிக்கை வந்துவிட்டது. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளி நல அலுவலர்களை நியமிக்க அது பரிந்துரைத்தது. பள்ளி வளாகத்தில் மாணவர்கள் போன் பயன்படுத்தத் தடை கேட்டது. வளாகத்தில் தடை சரி. இரவில் வீட்டில் வரும் மெசேஜை அது தடுக்காது.

பள்ளிக்கல்வித் துறை செய்ய வேண்டியது இது: மாணவர்களிடையே இணையவழியில் நடக்கும் சீண்டல், எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடந்தாலும், வகுப்பைப் பாதித்தால் அது பள்ளியின் பொறுப்பு என்று ஆணையிட வேண்டும். புகாரைக் கேட்க ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியரை நியமித்து, அவருக்குப் பயிற்சியும் தர வேண்டும். புகார் சொன்ன பிள்ளையை எல்லோர் முன்னும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது. சீண்டிய பிள்ளையின் கையில் டி.சி.யைக் கொடுத்துக் கணக்கை முடிக்கவும் கூடாது.

அதுவரை பெற்றோர் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு, புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். பள்ளி மறுத்தால் 14417, 1098 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. தயங்காமல் அழையுங்கள்.

— ஒரு வாசகர், திருநெல்வேலி