பட்டா கையில், நிலம் யாருடையது?

நிலம் உன்னுடையதுதானா என்று கேட்டால் கீரமங்கலத்துத் தென்னந்தோப்புக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது பட்டாவைத்தான். புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, ஹெக்டேர்–ஏர் கணக்கில் பரப்பு, ரூபாய் பைசாவில் தீர்வை எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஆனால் அது, தீர்வையை யாரிடம் வாங்குவது என்று வருவாய்த் துறை எழுதிவைத்த கணக்குதான். பட்டா மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன.

உரிமையைக் கைமாற்றுவது பத்திரம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். பதிவானாலும், விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வந்துவிடாது. வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் கையெழுத்துப் போடாத தங்கையின் பங்கும் அதில் ஏறுவதில்லை. மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழகப் பதிவு விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்லவாம். அப்படியானால் அந்த வேலை வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

கீரமங்கலம் இருக்கும் புதுக்கோட்டைச் சீமையில் மூலம் தேடுவது இன்னும் சிக்கல். 1948 மார்ச் வரை இது தனி சமஸ்தானம். இனாமாக, அதாவது கொடையாக, விடப்பட்ட நிலங்கள் ஏராளம். அவற்றை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே 1955-இல் வந்தது.

மேல்மண் கதை இது. அடிமண்? பக்கத்து நெடுவாசலில் விவசாயிகள் சிலர் எண்ணெய்த் துரப்பணத்துக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு ஒப்புதல் தந்தபோதுதான், குத்தகை கொடுத்தது எதற்கு என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்தது, போராட்டமும் வெடித்தது. சட்டம் இங்கே விசித்திரமானது. வேறு சட்டம் பறிக்காதவரை அடிமண் கனிமமும் நிலக்காரருக்கே என்று மலபார் வழக்கொன்றில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எண்ணெயையும் எரிவாயுவையும் எடுக்க உரிமம் தருவது 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல் சட்டத்தின் கீழ் அரசுகள்தான். அதில் தோப்புக்காரரின் சம்மதத்துக்குப் பெரிய இடமில்லை.

2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் இந்தப் பகுதியின் திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் அடங்கும். புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அங்கே தடை. சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடாது.