உருவும் கருத்தும்

வரைபடத்தினின்று பொருளைச் செய்தல் உலக வழக்கு. பொருளினின்று வரைபடத்தை மீட்டெடுத்தலும் இக்காலத்தார்க்குக் கைவந்த கலையாயிற்று. ஒளிக்கோடுகளைப் பொருளின்மீது வீழ்த்தி, அவை வளையும் பாங்கினைப் புகைப்படக் கருவியாற் பதிவுசெய்ய, அதன் மேற்பரப்பினை இலட்சக்கணக்கான புள்ளிகளாகக் கணினி அளந்துவிடுகின்றது. இதனை முப்பரிமாண வருடல் என்பர்.

1969-இல் மனிதர் திங்களில் அடிவைக்கச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதலடுக்கில் எஃப்-1 என்னும் எஞ்சின்கள் ஐந்து இருந்தன. நாற்பதாண்டுக்கு மேற் கழிந்தபின், அமெரிக்க நாட்டு ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள மார்ஷல் விண்வெளி நிலையத்துப் பொறியாளர் அவ்வகை எஞ்சினைப் பிரித்து, உறுப்புக்களை இம்முறையால் அளந்தனர். 2013 ஜனவரியில் அதன் வாயு ஆக்கியை மீண்டும் எரியூட்டிச் சோதித்தனர். பழைய வரைபடங்கள் இருந்தும் இவ்வுழைப்பு எதற்கு? பற்றவைப்போர் தம் கைத்திறத்தாற் செய்த சிறு திருத்தங்கள் பல ஏட்டில் ஏறவில்லை.

ஆயினும் கருவி காண்பது உருவத்தையே. ஒரு துளை ஏன் அவ்விடத்து அமைந்தது, அதன் அளவு எவ்வளவு பிறழலாம், உலோகத்தை எங்ஙனம் பதப்படுத்தினர் என்பவற்றை அது கூறாது. தேய்ந்த பற்சக்கரத்தைத் தேய்ந்தவாறே காட்டும். செய்யுளைப் படியெடுத்தவன் அதன் பொருளை உணர்ந்தவன் ஆவானோ?

வருடல் வேண்டாவென்பது எம் கருத்தன்று. செய்தவர் உயிரோடிருக்கும்போதே, செய்த முறையோடு காரணத்தையும் எழுதிவைத்தல் தொழிற்சாலைகளின் கடன் என்பதே எம் துணிபு. அவர் மறைந்தபின் இரும்பினை வினவிப் பயன் என்னை?