ஆண்டுக்கு ஒரே ஒரு பிற்பகல்

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. குழப்பமில்லாத ஆண்டுகளில் அது மே மாதத்தின் முதல் ஞாயிறு, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என 180 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 கழியும், மொத்தம் 720. ஒன்றரை மணிக்கு வாயிற்கதவு சாத்தப்படும். அன்றைக்குப் பார்த்து காய்ச்சல் அடித்தாலும், பேருந்து வழியில் நின்றுபோனாலும் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். எடுத்த மதிப்பெண்ணும் அந்த ஆண்டின் சேர்க்கையோடு செல்லாக்காசாகிவிடும். ஆகவே நீட் எப்போது எழுதுவது என்று இந்தியாவில் ஒரு மாணவர் கேட்டால், எந்த ஆண்டு எழுதுவது என்றே அதற்குப் பொருள். பதினேழு வயதில் ஓர் ஆண்டை எங்கே செலவிடுவது என்ற அந்தக் கணக்கைத் தேர்வு நடத்துகிறவர்கள் குடும்பங்களின் தலையில் இறக்கிவைத்துவிட்டார்கள். அதை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். தேர்வை ஆண்டுக்கு இருமுறை நடத்துவதும், மதிப்பெண்ணை இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக்குவதுமே அதற்கு வழி.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு எம்கேட் என்ற தேர்வு இருக்கிறது. ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே அது பல நாள்களில் நடக்கும். ஓராண்டில் மூன்று முறையும், இரண்டு ஆண்டுகளில் நான்கு முறையும், வாழ்நாளில் ஏழு முறையும் எழுதலாம். பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு மூன்று ஆண்டுப் பழைய மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கின்றன. இத்தனைக்கும் அதை எழுதுகிறவர்கள் பட்டப்படிப்பின் இறுதியில் இருப்பவர்கள், அல்லது அதை முடித்தவர்கள். தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வளர்ந்தவர்களுக்கு அங்கே இருக்கிறது; பள்ளிச் சீருடையைக்கூடக் களையாதவர்களுக்கு இங்கே இல்லை.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவருக்கு 2025ஆம் ஆண்டு எப்படி நகர்ந்தது என்று பார்த்தால் இந்தக் கணக்கின் சிக்கல் விளங்கும். நீட் விண்ணப்பம் பிப்ரவரி 7 அன்று தொடங்கி மார்ச் 7 அன்று முடிந்தது. பள்ளியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருக்கும் நாள்களில், பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று 1,700 ரூபாயோ 1,600 ரூபாயோ, பட்டியல் இனத்தவரானால் 1,000 ரூபாயோ கட்ட வேண்டியிருந்தது. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. நீட் மே 4. இடையில் முழுதாகக் கிடைத்தவை 39 நாள்கள். பிளஸ் டூ முடிவு மே 8 அன்று வந்தது; அதாவது, தன் பள்ளி மதிப்பெண் என்ன என்று தெரியாமலே அந்த மாணவர் நீட் எழுதினார். 2024இலும் அப்படித்தான், நீட் மே 5, பிளஸ் டூ முடிவு மே 6. 2023இல் மே 5 அன்று வரவேண்டிய பிளஸ் டூ முடிவை, மே 7 அன்று நீட் எழுதப் போகும் பிள்ளைகளின் மனம் கலங்கக் கூடாது என்று அரசே மே 8க்குத் தள்ளிவைத்தது. நல்லெண்ணம்தான். ஒரு தேர்வின் முடிவை இன்னொரு தேர்வுக்காக ஒளித்துவைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பது வேறு கேள்வி.

இதைவிடக் கொடுமை அடுத்த மாதத்தில் இருந்தது. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பம் 2025இல் மே 7 அன்று தொடங்கி ஜூன் 6 அன்று முடிந்தது. நீட் முடிவு ஜூன் 14 அன்று வந்தது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் விண்ணப்பமும் மே மாதத்திலேயே தொடங்கிவிட்டது. டாக்டர் படிப்பு ஒன்றே குறி என்று வேறெதற்கும் விண்ணப்பிக்காமல் இருந்த வீட்டில், நீட் முடிவைப் பார்த்துவிட்டு மாற்று வழி தேடும்போது எட்டு நாள் தாமதம். விவரம் தெரிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து வைத்திருப்பார்கள். அந்த விவரத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாத முதல் தலைமுறை மாணவர்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

உண்மையில் இந்தத் திட்டமிடல் நீட் விண்ணப்பத்தில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்து பிளஸ் ஒன் சேரும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள முதல் குரூப்பா, கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் உள்ள சயின்ஸ் குரூப்பா என்பதை அன்றைக்கு முடிவு செய்ய வேண்டும். கணிதம் இல்லாதது நீட்டுக்கு நேரம் மிச்சம் என்று பலர் இரண்டாவதை எடுக்கிறார்கள். நேரம் மிஞ்சுவது உண்மைதான். ஆனால் நீட் கைவிட்டால் பொறியியல் கதவும் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். மிஞ்சுவது நர்சிங், பாராமெடிக்கல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், அறிவியல் பட்டப்படிப்பு. அவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவற்றை மனமுவந்து தேர்ந்தெடுத்துச் சேர்வது ஒன்று, வேறு வழியின்றி வந்து சேர்வது வேறொன்று. கணிதத்தைக் கைவிடும் மாணவர், தெரிந்தோ தெரியாமலோ, அன்றைக்கே இரண்டாவது ஆண்டையும் அடகு வைக்கிறார்.

அந்த இரண்டாவது ஆண்டுதான் இந்தப் பிரச்சினையின் மையம். "ஒரு வருஷம் உட்காரட்டும்" என்று வீடுகளில் சொல்லப்படும் அந்த ஆண்டு, விதிவிலக்காக இருந்து வழக்கமாகிவிட்டது. நீட்டின் விளைவுகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த குழு 2021இல் அளித்த அறிக்கையில் இதற்கான சான்று இருக்கிறது. நீட் வருமுன் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் சுமார் 12 சதவீதம். 2020-21இல் அது 71 சதவீதம். பிளஸ் டூ முடித்த கையோடு எழுதித் தேறுவோர் சிறுபான்மையாகிவிட்டார்கள் என்பதே இதன் பொருள். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமான எம்.பி.பி.எஸ்., நடைமுறையில் ஆறரை ஆண்டாகிவிட்டது. கூடுதல் ஓராண்டுக்கான கட்டணம் பயிற்சி மையங்களுக்குப் போகிறது.

நீட்டை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை, வயதுக்கும் உச்சவரம்பு இல்லை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்பியிருந்தால் போதும். 25 வயது என்றிருந்த மேல்வரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் வரம்பில்லாத வாய்ப்பும் ஆண்டுக்கொரு தேதியும் சேரும்போது அது வேறொன்றாக மாறுகிறது. எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லாத ஓட்டம் அது.

காத்திருந்து எழுதுகிறவருக்கு ஆடுகளமும் அதே இடத்தில் நிற்பதில்லை. 2020இல் மே 3 என்று அறிவித்த தேர்வு, கொரோனாவால் முதலில் ஜூலை 26க்கும் பிறகு செப்டம்பர் 13க்கும் நகர்ந்தது. 2021இல் செப்டம்பர் 12, 2022இல் ஜூலை 17. அது பெருந்தொற்றுக் காலம், போகட்டும். 2024இல் 200 வினாக்களில் 180ஐத் தேர்ந்து விடையளிக்க 3 மணி 20 நிமிடம் இருந்தது. 2025 ஜனவரியில் அந்த முறை கைவிடப்பட்டு, 180 வினாவுக்கு 180 நிமிடம் என்றானது. கூடுதல் 20 நிமிடத்தை நம்பி முந்தைய ஜூன் முதல் பழகிவந்தவருக்கு, வட்டத்தைக் கருப்பு மையால் நிரப்பும் நேரத்தையும் சேர்த்து வினாவுக்கு ஒரு நிமிடம்தான் என்பது தேர்வுக்குச் சுமார் மூன்று மாதம் இருக்கும்போதுதான் தெரிந்தது. மதிப்பெண்ணின் பெறுமதியோ இன்னும் மோசம். 2024இல் 720க்கு 720 எடுத்தவர்கள் முதலில் 67 பேர், திருத்திய பட்டியலில் 17 பேர். 2025இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. போன ஆண்டு 600 எடுத்தேன், இந்த ஆண்டு 650 எடுப்பேன் என்று போடும் கணக்குக்குப் பொருளே இல்லை. ஒப்பிட வேண்டியது தரவரிசையை. அதிலும் மாநில ஒதுக்கீட்டில், தன் சமூகப் பிரிவில், கடைசி இடம் எந்த வரிசையில் நிரம்பியது என்பதை.

இப்போதுள்ள விதிப்படி ஒரு குடும்பம் செய்யக்கூடியது குறைவுதான். பிளஸ் டூ ஆண்டிலேயே முழு முனைப்போடு முதல்முறை எழுதிவிட வேண்டும். "சும்மா எழுதிப் பார்க்கட்டும்" என்று அனுப்புவது காசையும் ஒரு வாய்ப்பையும் வீணாக்கும் வேலை. தரவரிசை கடைசி இடத்துக்கு அருகில் வந்து நின்றிருந்தால், குறை எந்தப் பாடத்தில் என்று தெளிவாகத் தெரிந்திருந்தால், இரண்டாம் முறை எழுதுவதில் நியாயம் உண்டு. பெரும்பாலும் இயற்பியல்தான் காலை வாருகிறது; உயிரியலில் தடுமாறியவரைவிட இயற்பியலில் மட்டும் தடுமாறியவர் ஓராண்டில் மேலேற வாய்ப்பு அதிகம். மூன்றாம் முறையை, ஒரு பட்டப்படிப்பில் சேராமல் வீட்டிலிருந்தே எழுதுவது என்பதை, எந்தப் பயிற்சி மையம் சொன்னாலும் ஏற்கக் கூடாது. கையில் வேறொரு சேர்க்கை இல்லாமல் கழியும் இரண்டாவது வெற்று ஆண்டு, தேர்வைவிட மனத்தையே அதிகம் தேய்க்கிறது.

ஆனால் இந்த யோசனைகள் எல்லாம் ஓட்டைக் கூரையின் கீழ் பாத்திரம் வைப்பது போன்றவை. கூரையைச் சரிசெய்ய ஒருமுறை முயற்சி நடந்தது. 2018 ஜூலையில் அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், நீட் இனி பிப்ரவரியிலும் மே மாதத்திலும் இருமுறை கணினி வழியில் நடக்கும் என்று அறிவித்தார். சுகாதார அமைச்சகம் ஒப்பவில்லை. அடுத்த மாதமே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதே அறிவிப்பில் இடம்பெற்ற ஜே.இ.இ. மெயின் தேர்வு மட்டும் 2019 முதல் பெரும்பாலும் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. இரண்டில் சிறந்தது கணக்கில் வருகிறது. பொறியாளராக விரும்பும் பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பு, மருத்துவராக விரும்பும் பிள்ளைக்கு ஒன்று.

இருமுறைத் தேர்வுக்கு எதிரான வாதங்கள் அற்பமானவை அல்ல. இரண்டு வினாத்தாள்களின் கடினம் ஒன்றாக இருக்காது என்பது முதல் வாதம். முதுநிலை நீட் தேர்வை ஒரே நாளில் இரு வேளைகளாக நடத்துவதை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் இந்தக் காரணத்தால்தான் ஏற்க மறுத்தது. ஜூன் 15 அன்று நடக்கவிருந்த தேர்வு ஆகஸ்ட் 3க்குப் போனது. ஆனால் அங்கே எந்த வேளை வாய்க்கும் என்பது மாணவர் கையில் இல்லை. ஒருவருக்கு ஒரு தாள்தான். எல்லோரும் இரண்டையும் எழுதலாம், சிறந்ததை வைத்துக்கொள்ளலாம் என்றால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். முற்றாக நீங்கிவிடாது. அதனால்தான் வெறும் மதிப்பெண்ணுக்குப் பதில், தாளின் கடினத்தைச் சமன்செய்த அளவுகோல் தேவை. எம்கேட் முடிவு 472க்கும் 528க்கும் இடைப்பட்ட அப்படியொரு அளவுகோலில்தான் தரப்படுகிறது. அதற்கு முன்கூட்டிச் சோதித்த வினாக்களின் பெரிய களஞ்சியம் வேண்டும், பணமும் சில ஆண்டுகளும் வேண்டும். நீட்டுக்காக 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் கட்டணம் வாங்கும் தேசியத் தேர்வு முகமை அதைச் செய்ய இயலாது என்று சொல்ல முடியாது. 2024 நீட் தேர்வுக் குளறுபடிக்குப் பின் அமைந்த இஸ்ரோ முன்னாள் தலைவர் கே.ராதாகிருஷ்ணன் குழுவும் நீட்டைப் பல கட்டங்களாக நடத்தும் வழியைப் பரிந்துரைத்திருக்கிறது.

இரண்டாவது வாதம், பிப்ரவரியில் தேர்வு வைத்தால் பிளஸ் டூ படிப்பு கெடும் என்பது. சரியான வாதம். ஆகவே இரண்டாவது தேர்வை டிசம்பரில் வைக்கலாம். மே மாதத்தில் மயிரிழையில் தவறிய மாணவர் ஜூலையில் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்து, டிசம்பரில் எழுதி, ஜனவரியில் தன் நிலையைத் தெரிந்துகொள்வார். ஓராண்டுக் காத்திருப்பு அரையாண்டாகும், அதுவும் கல்லூரி வகுப்பறையில் கழியும். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும் என்றால், மே மாதம் ஓரளவு நன்றாக எழுதியவர் அதையே வைத்துக்கொண்டு அடுத்த கலந்தாய்வுக்கும் நிற்கலாம். இதில் புரட்சி எதுவும் இல்லை. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவருக்கு நீட் தகுதி இன்றைக்கே மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகிறது. மணிலாவில் சேர மூன்று ஆண்டுக்குச் செல்லும் முடிவு, மதுரையில் சேர அடுத்த ஆண்டே செல்லாது என்பதற்கு ஒரு காரணமும் சொல்லப்படவில்லை.

நீட்டே வேண்டாம் என்பது தமிழ்நாட்டின் நிலை. பேரவை 2021இலும் மீண்டும் 2022இலும் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்பது 2025 ஏப்ரலில் தெரியவந்தது. அந்தப் போராட்டம் தொடர்வதற்கும், தேர்வு இருக்கும் வரை அதன் சுமையைக் குறைக்கச் சொல்வதற்கும் முரண்பாடு இல்லை. மாநில அரசு டெல்லியைக் கேட்காமலே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பொறியியல், கலை, அறிவியல் கல்லூரி விண்ணப்பங்களின் கடைசி நாளை நீட் முடிவு வந்து ஒரு வாரம் கழித்து வைக்கலாம். ஜூன் 6க்கும் ஜூன் 14க்கும் இடையிலான அந்த எட்டு நாள் இடைவெளியை மூட ஒரு சுற்றறிக்கை போதும்.